பாகுபாட்டை அளப்பது எப்படி?

காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. ஒருவர் தம் இனத்தின் பெயரால் தாழ்வாக நடத்தப்படுவதாக உணர்வதை எதைக்கொண்டு அளப்பது? சமூகவியலாளர் இதற்கு வினாக்கொத்தைப் பயன்படுத்துகின்றனர்.

அமெரிக்க ஆய்வாளர் டேவிட் வில்லியம்ஸும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட அன்றாடப் பாகுபாட்டு அளவுகோல் இவற்றுள் புகழ்பெற்றது. மரியாதைக் குறைவு, கடைகளில் மட்டமான சேவை, அறிவற்றவராகக் கருதப்படல் முதலிய 9 அனுபவங்கள் அதில் உள்ளன. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்று முதலில் கேட்பர். காரணம் இனமா, மதமா, பாலா, வயதா என்பதைப் பின்னரே கேட்பர். இனத்தை முதலிலேயே குறிப்பிட்டால் விடை அப்பக்கம் சாய்ந்துவிடும்.

இதை எங்கள் கொஸ்லந்தைத் தோட்டங்களில் பயன்படுத்தினால் இரண்டு சிக்கல்கள் எழும்.

முதலாவது, மொழி. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு 'யூ' ஒன்றே. தமிழில் 'நீ', 'நீங்கள்' என இரண்டு. ஜெர்மனிலும் 'டூ', 'ஸீ' என இரண்டு. ஆகவே ஜெர்மனியில் குடியேறிய துருக்கியரிடமோ நம்மவரிடமோ கேட்கும்போதும் வெறும் மொழிபெயர்ப்புப் போதாது. ஓர் அலுவலகத்தில் இளம் எழுதுவினைஞர் ஒருவர் என்னை 'நீங்க' என்றார். என் தாயின் வயதுடைய, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரை 'நீ' என்றார். வெளியே வந்து கேட்டேன். "அது எப்பவும் அப்படித்தானே புள்ள" என்றார் அக்கா. வினாத்தாளில் அவர் 'ஒருபோதும் இல்லை' என்றே குறித்திருப்பார். பழகிப்போன அவமதிப்பு புள்ளிகளைக் குறைத்துக் காட்டும்.

இரண்டாவது, யாரும் வாய்திறந்து பேசாத பாகுபாடு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை வழங்கியது. வாக்குரிமை வந்த பின்னும் லயத்துக்குக் காணியுறுதி வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேதான் வாழ்ந்தனர். சொந்தமாகப் போக நிலமில்லை. இதை அந்த 9 கேள்விகளில் எதனுள் அடக்குவது?

ஆய்வுக்கட்டுரை எழுதப்போகும் தோழியர் மூன்றைக் கவனிக்கலாம். பேச்சுத் தமிழில் கேளுங்கள். "அவமதிக்கப்பட்டீர்களா?" என்பதைவிட, "உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் காக்கவைத்தார்கள்?" என்று கேளுங்கள். கிடைத்த விடைகளைக் காணி, வீடு, பாடசாலை பற்றிய பதிவுகளோடு ஒப்பிடுங்கள்.

பர்தா அணிந்து பஸ்ஸில் ஏறும் நமக்கும் இக்கேள்விகள் அந்நியமானவை அல்ல. நம் விடைகளையும் எழுதிப் பார்ப்போம்.