காசுத் தாளில் ஒரு கைவேலை



மழை நாளில் காம்பராவுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்குச் செலவில்லாத ஒரு விளையாட்டு, காசுத் தாளை மடித்து உருவம் செய்வது. இம்முறை சட்டை செய்யப் பழகுவோம்.

முதலில் பழைய கொப்பித் தாளில் பழக வேண்டும். நமது 1000 ரூபாய்த் தாள் 148 மில்லிமீற்றர் நீளம், 67 மில்லிமீற்றர் அகலம். அந்த அளவுக்குக் கொப்பித் தாளை வெட்டிக்கொள்ளுங்கள்.

1. தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து விரியுங்கள். நடுவில் ஒரு கோடு விழும்.

2. இரண்டு நீள ஓரங்களையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். ஒரு பட்டி கிடைக்கும்.

3. மடிப்பு நம்மைப் பார்க்கும்படி பட்டியை நிமிர்த்தி வையுங்கள். மேல் முனையில் ஒரு சென்ரிமீற்றர் அளவு பின்பக்கமாக மடியுங்கள்.

4. மேல் மூலைகள் இரண்டையும் முன்பக்கமாகச் சரித்து, நடுக்கோட்டில் சேருங்கள். இது கொலர்.

5. கீழ் முனையில், நடுவில் சேர்ந்திருக்கும் இரண்டு மூலைகளையும் வெளிப்பக்கமாகச் சரித்து மடியுங்கள். ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கட்டும். இவை கைகள்.

6. கீழ் முனையை மேலே தூக்கி, கொலருக்கு அடியில் செருகுங்கள். சட்டை தயார்!

கை பழகியதும் காசுத் தாளில் செய்யலாம். காதுகுத்து, சடங்கு வீடுகளில் மொய்க் காசை இப்படிக் கொடுத்தால் பார்க்கவும் அழகு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. காசுத் தாளை வெட்டக் கூடாது, பசை பூசக் கூடாது, பின் அடிக்கக் கூடாது, பேனையால் கண், மூக்கு வரையக் கூடாது. வேண்டுமென்றே சேதமாக்குவது சட்டப்படி குற்றம். அப்படிச் சேதமாக்கிய தாளுக்கு 2017 டிசம்பர் 31க்குப் பிறகு மாற்றுக் காசு கிடையாது என்று மத்திய வங்கி அறிவித்தது. வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறித்த காசு, ஒரு பேனைக் கோட்டால் வீணாகலாமா? புழங்கி நைந்துபோன தாள் என்றால் பயப்பட வேண்டாம். வங்கியில் கொடுத்து மாற்றலாம். மடிப்பு மேல் மடிப்பு விழுந்தால் தாள் சீக்கிரம் கிழியும். ஆகவே விளையாடி முடிந்ததும் விரித்து, புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள்.

இந்த மடிப்பில் இன்னொரு பலனும் உண்டு. கண் மங்கிய நம் ஆத்தா, தாத்தாமார் மங்கல் வெளிச்சத்தில் 100 ரூபாய் என்று நினைத்து 500 ரூபாயைக் கடையில் நீட்டிவிடுவது நடக்கிற காரியம்தானே. கண் தெரியாதவர்கள் உலகமெங்கும் கையாளும் வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தாளையும் ஒவ்வொரு விதமாக மடித்து வைப்பார்கள். நாமும் செய்யலாம். 100 ரூபாயை மடிக்காமல் வையுங்கள். 500 ரூபாயைக் குறுக்கே ஒரு மடிப்பு, 1000 ரூபாயை நீளவாக்கில் ஒரு மடிப்பு, 5000 ரூபாயை இரண்டு விதமாகவும் மடியுங்கள். சுருக்குப் பைக்குள் கைவிட்டாலே எது எதுவென்று விரல் சொல்லிவிடும்.

வருகிற சம்பளத்தன்று பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் காசை இப்படி மடித்துக் கொடுங்கள். பெரியவர்கள் கையாலேயே நாலு தரம் தடவிப் பார்க்கவும் வையுங்கள். ஒருவரிடம் கேட்காமல் தன் காசைத் தானே எண்ணிக் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய பலம்.