துறை மாறுகிறவர்களுக்கு லொல்லோபிரிஜிடா காட்டும் வழி

பத்து வருடம் ஒரு வேலையில் ஊறியபின் துறை மாறலாமா என்று யோசிக்கிறீர்களா? இத்தாலியின் ஸ்பீட் ஸ்கேட்டிங் வீராங்கனை பிரான்செஸ்கா லொல்லோபிரிஜிடா போன பாதையைக் கொஞ்சம் பாருங்கள். நடிகை ஜீனா லொல்லோபிரிஜிடாவின் குடும்பம்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் கடிகாரம் மெதுவாக ஓடாது.

ரோமுக்கு அருகே பிராஸ்காத்தியில் 1991இல் பிறந்தவர். சக்கரக் காலணியில் ஓடும் இன்லைன் ஸ்கேட்டிங்கில் பல உலகப் பட்டங்கள் வென்றவர். சிக்கல் ஒன்றுதான்: அந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் இல்லை. அதனால் பனிக்கு வந்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். குனிந்த உடல், பக்கவாட்டில் உதைத்துத் தள்ளும் கால் வலு இரண்டும் அப்படியே கைகொடுத்தன. பிளேடின் பிடியைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இன்லைனில் கூட்டமாக ஓடி, இடம் பார்த்து முந்துவார்கள். பனியில் பெரும்பாலும் இருவர் இருவராகக் கடிகாரத்தோடு போட்டி. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லை. 2018இலும் இல்லை.

அந்த 2018இல்தான் 'மாஸ் ஸ்டார்ட்' ஒலிம்பிக்குக்கு வந்தது. எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு 16 சுற்று. கூட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கென்றே வைத்த போட்டி. 2022 பெய்ஜிங்கில் அவர் இதில் வெண்கலம் வென்றார். ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் இன்லைனிலிருந்து வந்தவர்தான். ஆகவே புதிய அலுவலகத்தில் சேர்ந்ததும், உங்கள் பழைய திறமைக்கு விலை இருக்கும் வேலை எது என்று தேடிப்பிடியுங்கள். அது கிடைக்கும்வரை மற்றதையும் விடாமல் கற்றுக்கொள்ளுங்கள்: அதே பெய்ஜிங்கில் கடிகாரத்தோடு மோதும் 3000 மீட்டரில் அவருக்கு வெள்ளி.

சம்பளம்? அவர் இத்தாலிய விமானப்படையின் விளையாட்டுப் பிரிவைச் சேர்ந்தவர். அந்நாட்டில் ராணுவமும் காவல்துறையும் வீரர்களை வேலைக்கு எடுத்துப் பயிற்சிக்கு விடுகின்றன. என்னைக் கேட்டால், திறமையைவிட இந்த ஏற்பாட்டுக்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன். 2014இலிருந்து 2022 வரை வெறுங்கையோடு காத்திருக்க யாரால் முடியும்? மாத வருமானத்துக்கு வழி செய்யாமல் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

2023இல் மகன் பிறந்தான். திரும்பி வந்து 2025இல் நார்வேயின் ஹாமரில் 5000 மீட்டர் உலகச் சாம்பியன் ஆனார். பேறுகால விடுப்பு முடிந்து திரும்புகிறவரிடம் 'பழைய வேகம் இருக்குமா' என்று இழுக்கும் மேலாளர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

புகழ் கடைசியாகத்தான் வந்தது. 2026 மிலான் ஒலிம்பிக்கில், தன் 35வது பிறந்தநாளன்று, சொந்த மக்கள் முன் 3000 மீட்டர் தங்கம். பேட்டியின்போது கையிலிருந்த மகன் அம்மாவின் முகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சி ஊரெல்லாம் சுற்றியது. சில நாளில் 5000 மீட்டரிலும் தங்கம்.