இலைவெட்டி எறும்பைப் பார்க்க இவ்வளவு தூரமா?

கேள்வி: என் தம்பி மகள் அமெரிக்காவில் உயிரியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கோடை விடுமுறையில் பேராசிரியர் ஒருவர் நான்கு வாரம் கோஸ்டா ரிகா காட்டுக்கு ஆராய்ச்சிக்கு அழைத்துப் போகிறாராம். பாடமே முடியாத பிள்ளைகள் என்ன ஆராய்ச்சி செய்துவிட முடியும்? மதிப்பெண் போட்டுத் தரும் சுற்றுலாதானே இது? அமெரிக்காவில் இல்லாத காடா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துப் புன்னகைத்தேன். அதிலேயே பாதி விடை இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் காடு நிறைய உண்டு. ஆனால் ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ போன்ற தீவுகளை விட்டால் வெப்பமண்டல மழைக்காடு கிடையாது. உயிரின வகைகள் மிகுதியாகச் செறிந்திருக்கும் காட்டைக் கண்ணால் காணாமலே அங்கே ஒருவர் உயிரியலில் முனைவர் பட்டம்வரை வாங்கிவிட முடிந்தது. இந்தக் குறையைத் தீர்க்க 1963-இல் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கோஸ்டா ரிகா பல்கலைக்கழகமும் சேர்ந்து வெப்பமண்டல ஆய்வுக்கென ஓ.டி.எஸ். என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. 1968-இல் லெஸ்லி ஹோல்ட்ரிட்ஜ் என்ற தாவரவியலாளரிடமிருந்து லா செல்வா என்னும் நிலத்தை அது வாங்கியது. இன்று அது சுமார் 16 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கள ஆய்வு நிலையம். ஆண்டு மழை ஏறத்தாழ 4 மீட்டர். பறவை இனங்கள் 400-க்கும் மேல். தொடக்கத்தில் முதுநிலை மாணவர்களுக்குத்தான் வகுப்பு நடந்தது, இளங்கலையினர் பிற்பாடு வந்தார்கள். உங்கள் தம்பி மகள் எந்த நிலையத்துக்குப் போகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் லா செல்வாவை வைத்தே சொல்கிறேன்.

பாடத்தை முழுக்க முடித்த பிறகுதான் ஆராய்ச்சி என்பது நம்மில் பலருடைய எண்ணம். பிளஸ் டூ வேதியியல் செய்முறையை நினைத்துப் பாருங்கள். தட்டில் வைத்த உப்பு எது என்று ஆசிரியருக்கு முன்பே தெரியும். மாணவர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் மதிப்பெண். கைப்பழக்கத்துக்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால் எதைக் கேட்பது, எத்தனை முறை அளந்தால் போதும், வந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அதில் கற்க முடியாது. விடை ஆசிரியருக்கும் தெரியாத இடத்தில்தான் அந்தப் பாடம் நடக்கும். காடு அப்படிப்பட்ட இடம்.

லா செல்வாவில் பேராசிரியர் தலைமையில் நடக்கும் சிறு ஆய்வுக்குப் பெரும்பாலும் ஓரிரு நாள்தான். இலைவெட்டி எறும்புகளை எடுத்துக்கொள்வோம். இவை இலையை நறுக்கிப் புற்றுக்குள் கொண்டுபோய், அதில் ஒரு பூஞ்சையை வளர்த்து உண்பவை. பெரிய துண்டைத் தூக்கும் எறும்பு மெதுவாக நடக்குமா என்று ஒரு மாணவி கேட்கிறாள் என்று வையுங்கள். பேராசிரியர் கேள்வியைச் சிறிதாக்குகிறார்: எறும்புச் சாரியில் அரை மீட்டருக்குக் குறி வை, அதைக் கடக்கும் நேரத்தைக் குறி, பிறகு இலைத்துண்டை எடை போடு. மாலைக்குள் அறுபது எறும்புகளை அளந்து, அழகான வரைபடத்தோடு வந்து நிற்கிறாள். பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்கிறார்: எத்தனை புற்று?

ஒன்றுதான். அறுபதும் ஒரே ராணியின் பிள்ளைகள், ஒரே சரிவில், ஒரே பாதையில் நடப்பவை. அந்தப் புற்றைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. இலைவெட்டி எறும்புகளைப் பற்றி இன்னும் தெரியவில்லை. இதற்கு ‘சூடோரெப்ளிகேஷன்’ என்று பெயர், அதாவது ஒன்றையே பல முறை அளந்துவிட்டுப் பலவற்றை அளந்ததாக எண்ணிக்கொள்வது. பிள்ளைத்தனமான தவறு என்று நினைத்துவிடாதீர்கள். 1984-இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர், இதழ்களில் வெளியான களச் சோதனைகளை அலசிப் பார்த்தார். புள்ளியியல் சோதனை பயன்படுத்தியவற்றில் ஏறத்தாழ பாதியில் இதே தவறு இருந்தது. தேர்ந்த அறிஞர்களும் சறுக்கிய இடம் அது. பத்தொன்பது வயதில் தன் சொந்த எண்களிலேயே அதைப் பார்த்துவிட்டவள், புத்தகத்தில் படித்தவளைவிட நெடுநாள் நினைவில் வைத்திருப்பாள் என்பது என் உறுதியான எண்ணம். மறுநாள் அவள் பத்துப் புற்றுகளைத் தேடிக் கிளம்புவாள், டெர்சியோபெலோ என்ற நச்சுப்பாம்பு உண்டென்பதால் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு. பேராசிரியர் உடன் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்கு வாரத்தில் பெரிய கண்டுபிடிப்பு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். காடு அவ்வளவு சீக்கிரம் பேசாது. அதே லா செல்வாவில் டெபோரா கிளார்க், டேவிட் கிளார்க் தம்பதியர் 1984 முதல் 2000 வரை ஆண்டுதோறும் மரங்களின் வளர்ச்சியை அளந்த பிறகுதான், இரவு வெப்பம் கூடிய ஆண்டுகளில் மரங்கள் குறைவாக வளர்ந்ததைக் காட்ட முடிந்தது. அவர்களும் இன்னும் இருவரும் எழுதிய கட்டுரை 2003-இல் வெளியானது. இப்படி நெடுங்காலம் அளக்கப்பட்ட காட்டில் நின்று படிப்பது மாணவருக்குப் பெரிய பேறு.

சுற்றுலாவோ என்ற உங்கள் சந்தேகத்தையும் ஒதுக்கிவிட மாட்டேன். அப்படிப்பட்ட பயணங்களும் உண்டு. பணம் கட்டுமுன் தம்பி மகளை மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள்: மாணவர் தாமே கேள்வி எழுப்பிச் செய்யும் ஆய்வுக்கு எத்தனை நாள், தரவை அலசப் புள்ளியியல் சொல்லித் தருவார்களா, கோஸ்டா ரிகாவின் மாணவரோ ஆய்வாளரோ உடன் இருப்பார்களா. நாள் முழுக்க இடம் பார்ப்பதாகவே நிகழ்ச்சி நிரல் இருந்தால் யோசிக்கலாம்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகம் நடத்தும் பாடமென்றால் கட்டணம் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். மாணவருக்கே உதவித்தொகை கொடுத்து ஆய்வில் சேர்க்கும் ஆர்.இ.யு. என்ற திட்டத்தை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நடத்திவருகிறது. அதன் நிதி பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை உள்ளவர்களுக்கும் மட்டுமே. அவள் மாணவர் விசாவில் இருந்தால் அது கிடைப்பது அரிது. துறையிலேயே வேறு நல்கை உண்டா என்று கேட்க வேண்டும். பல இடங்களில் கோடைக்கால விண்ணப்பங்கள் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிந்துவிடுவதால், டிசம்பருக்குள் பேராசிரியரிடம் பேசிவிடுவது நல்லது.