பார்த்த பிறகே என்டர்: லினக்ஸ் கட்டளைகளில் முதல் பாடம்



அன்னவாசலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம்மவர் வீடுகளுக்குப் போகும்போது, பீரோவின் மேல் தூசி படிந்த லேப்டாப் பை ஒன்று கண்ணில் படுகிறது. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வீட்டின் மூத்த பிள்ளை வாங்கி வந்தது அது. "ரொம்ப ஸ்லோ", "வைரஸ் வந்துவிட்டது" என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். தம்பியோ தங்கையோ கல்லூரிக்குப் போகும்போது, புதிய லேப்டாப் வாங்க உதவி கேட்டு அறக்கட்டளைக்கு மனு வருகிறது. அப்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, "பழையதைத் திறந்து பார்த்தீர்களா?" என்பதுதான்.

அந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. சென்னையிலுள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது அது. தமிழிலும் இயங்கும். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, தமிழக அரசு தன் துறைகளையே பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. இப்போது விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் பொது ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் ஏறும். அதற்குக் காசும் கிடையாது, திருட்டுப் பிரதியும் தேவையில்லை.

லினக்ஸில் மவுஸை வைத்தே பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடலாம். ஆனால் பி.சி.ஏ., கணினி அறிவியல், பொறியியல் படிக்கும் பிள்ளைகள் லேப் வகுப்பில் கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்தாக வேண்டும். இணையத்தைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். அந்த வேலைகளுக்குப் போகிறவர்களிடம் இந்தக் கட்டளைகளைத்தான் முதலில் கேட்பார்கள். ஊரில் எந்தப் பிள்ளையும் "தெரியாது" என்று அங்கே தலைகுனியக் கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

சொற்கள் ஏன் இத்தனை சிறியவை?

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்ற அமைப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். அவர்கள் முன் இருந்தது திரை அல்ல. தாளில் அச்சடிக்கும் டெலிடைப் எந்திரம். அது நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். நீளமாக எழுதினால் விரலும் நோகும், நேரமும் போகும். அதனால் இரண்டு மூன்று எழுத்தில் கட்டளைகளை வைத்தார்கள். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர், யூனிக்ஸ் வழியில் லினக்ஸைத் தொடங்கியபோதும் அதே கட்டளைகள்தான் வந்தன. இன்று படிப்பது நாளை பழசாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். ஐம்பது ஆண்டுகளாக மாறாத பாடம் இது.

திறப்போம்

பாஸ் லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திறக்காவிட்டால் மெனுவில் 'டெர்மினல்' என்பதைத் தேடுங்கள். ஒரு வெறும் திரையும் துடிக்கும் கோடும் வரும். கணினி உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிறது என்று அதற்குப் பொருள்.

நாம் இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். நீங்கள் அடிக்கும்போது அதே ஒலிக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளை, இடையில் புள்ளி வைக்காமல் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு என்று லினக்ஸ் கருதும். இடைவெளிக்கும் அங்கே பொருள் உண்டு. காயிதா ஓதும்போது ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் எழுத்தே மாறிவிடும் என்று உஸ்தாது சொல்வாரே, அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

எங்கே நிற்கிறோம், என்ன இருக்கிறது?

'பிடபிள்யூடி' என்றதும் நமக்குப் பொதுப்பணித்துறைதான் நினைவுக்கு வரும். இங்கே அது "நான் இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறேன்?" என்ற கேள்வி. அடித்து என்டர் தட்டினால் முழு முகவரியும் வரும். சாய்கோடுகள் ஊர், தெரு, வீடு போல ஒன்றன் உள்ளே ஒன்றைக் காட்டும்.

'எல்எஸ்' அடித்தால், நிற்கும் இடத்தில் உள்ள ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வரும்.

'சிடி' அடித்து, இடைவெளி விட்டு ஒரு ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால் அதற்குள் போய்விடலாம். பெயருக்குப் பதிலாக இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி வெளியே வரலாம். வழி தவறிவிட்டால் கவலை வேண்டாம். 'சிடி' என்று மட்டும் அடித்தால் எங்கிருந்தாலும் உங்கள் சொந்த ஃபோல்டருக்கே திரும்பிவிடுவீர்கள்.

முதல் நாள் இந்த மூன்று போதும். இவை எதையும் அழிக்காது, மாற்றாது. எத்தனை முறை தவறாக அடித்தாலும் நஷ்டம் இல்லை.

உருவாக்கு, நகலெடு, நகர்த்து

'எம்கேடிஐஆர் பயிற்சி' என்று அடித்தால் 'பயிற்சி' என்ற புதிய ஃபோல்டர் உருவாகும். தமிழிலேயே பெயர் வைக்கலாம். சில கணினிகளின் டெர்மினலில் தமிழ் எழுத்து சற்று உடைந்து தெரியும். ஃபைலுக்கு அதனால் கேடு ஒன்றும் இல்லை. பெயருக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள். விட்டால் இரண்டு ஃபோல்டர் உருவாகிவிடும்.

'சிபி' நகலெடுக்கும். முதலில் எந்த ஃபைல், பிறகு எங்கே என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். 'எம்வி' நகர்த்தும், பெயர் மாற்றவும் அதுவே. போகும் இடத்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், இரண்டுமே கேட்காமல் அதன் மேல் எழுதிவிடும். ஆகவே அங்கே என்ன இருக்கிறது என்று 'எல்எஸ்' வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்த தவறு

அழிக்கும் கட்டளை 'ஆர்எம்'. இதைச் சொல்லித் தருவதற்கு முன் நாம் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். மறைத்து வைத்தால் உங்களுக்குப் பயன் இல்லை.

அறக்கட்டளைக் கணினியில் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றின் பெயரையும் ஆண்டில் தொடங்கி வைத்திருந்தோம். இடம் போதாமல், பழைய 2019 விண்ணப்பங்களை நீக்க உட்கார்ந்தோம். அடிக்க வேண்டியது 'ஆர்எம் 2019*'. நட்சத்திரக் குறி, "அதற்குப் பின் என்ன வந்தாலும் சரி" என்று பொருள் தரும். ஆகவே 2019-ல் தொடங்கும் பெயர்கள் மட்டும் போயிருக்கும். அவசரத்தில் நம் விரல் '2019'-க்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளியைத் தட்டிவிட்டது. கணினி அதை இரண்டு கட்டளையாக எடுத்துக்கொண்டது: "2019 என்ற ஃபைலை அழி. மற்ற எல்லாவற்றையும் அழி."

"2019 என்று எதுவும் இல்லை" என்று ஒரு வரி வந்தது. ஏதோ பிழை, ஒன்றும் ஆகவில்லை போலும் என்று நினைத்தோம். 'எல்எஸ்' அடித்துப் பார்த்தால் ஃபோல்டர் வெறுமையாக இருந்தது. நடப்பு ஆண்டு விண்ணப்பங்களும் போய்விட்டன. மவுஸால் அழித்தால் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம். 'ஆர்எம்' குப்பைத்தொட்டிக்கு அனுப்புவதில்லை. வேறு நகலும் நாம் வைத்திருக்கவில்லை. கடைசித் தேதிக்கு ஐந்து நாள்தான் பாக்கி.

தாளில் இருந்தவற்றை மறுபடி ஸ்கேன் செய்தோம். அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்ட குடும்பங்களிடம் மீண்டும் போய் நின்றோம். கணவரை இழந்த ஒரு சகோதரி, அன்றைய நூறு நாள் வேலையை விட்டுவிட்டு, வருமானச் சான்றின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார். "பத்திரமா இருக்கும்னுதானே அண்ணே கொடுத்துட்டுப் போனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே நமக்குப் பதில் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், தேதிக்குள் எல்லா மனுவும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவருடைய ஒரு நாள் கூலி போனது நம் கைப்பிழையால்தான். பிறர் ஒப்படைத்த காகிதம் அமானிதம் என்று மேடையில் பேசுகிறோம். கணினியில் ஏறிய பிறகும் அது அமானிதம்தான்.

அன்றிலிருந்து நாம் வைத்திருக்கும் ஒழுங்கு

ஒன்று: அழிப்பதற்கு முன் அதே சொல்லை 'எல்எஸ்' உடன் அடித்துப் பார்க்க வேண்டும். 'எல்எஸ் 2019*' என்று அடித்தால் எவையெல்லாம் அழியப் போகின்றன என்ற பட்டியல் வரும். சரியாக இருந்தால் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள். அதே வரி திரும்ப வரும். அதில் முதல் சொல்லை மட்டும் மாற்றுங்கள். மறுபடி முழுவதும் அடிக்காததால் கைப்பிழைக்கு இடம் குறைவு.

இரண்டு: 'ஆர்எம்' அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும் சேருங்கள். ஒவ்வொரு ஃபைலையும் அழிக்கட்டுமா என்று கேட்டுக் கேட்டுத்தான் அழிக்கும்.

மூன்று: உடனே அழிக்காதீர்கள். 'பழையவை' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் 'எம்வி' செய்து, ஒரு மாதம் பொறுங்கள்.

நான்கு: முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் நகல் வேண்டும். நம் ஃபைல்கள் இப்போது வெள்ளிதோறும் பென்டிரைவில் ஏறி, வேறொரு வீட்டு பீரோவில் இருக்கின்றன.

ஐந்து: யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டளையைப் பொருள் தெரியாமல் அடிக்கக் கூடாது. அது 'எஸ்யுடிஓ' என்று தொடங்கினால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். கணினியின் முழு அதிகாரத்தையும் அந்த ஒரு வரியின் கையில் கொடுக்கும் சொல் அது. ஒரு கட்டளைக்கு என்ன பொருள் என்று தெரிய வேண்டுமானால் 'எம்ஏஎன்' அடித்து அதன் பெயரைக் கொடுங்கள். விளக்கக் குறிப்பு திறக்கும். வெளியே வர 'க்யூ' எழுத்தை அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்த கன்ட்ரோலும் சி-யும்.

பட்ட பாட்டுக்குப் பலன்

இத்தனை கவனத்துக்குப் பிறகு என்ன கிடைக்கிறது என்று கேட்பீர்கள். ரமலான் அரிசி வழங்கும் பட்டியலை, ஒரு குடும்பத்துக்கு ஒரு வரியாக, ஊர்ப் பெயருடன் சாதாரண எழுத்து ஃபைலாக வைத்திருக்கிறோம். அதன் பெயர் 'பட்டியல்'. 'ஜிஆர்இபி பரம்பூர் பட்டியல்' என்று அடித்தால் பரம்பூர்க் குடும்பங்களின் வரிகள் மட்டும் அந்த நொடியே வந்து நிற்கும்.

அதன் பின்னால் ஒரு செங்குத்துக் கோடு | போட்டு, 'டபிள்யூசி' அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோட்டை ஒட்டி 'எல்' எழுத்தைச் சேர்த்தால் எத்தனை வரி என்று எண்ணிச் சொல்லிவிடும். அந்தச் செங்குத்துக் கோட்டுக்கு 'பைப்' என்று பெயர். டக்ளஸ் மெக்கில்ராய் என்பவரின் யோசனைப்படி 1973-ல் யூனிக்ஸில் சேர்ந்தது. லாரியிலிருந்து மூட்டையை ஒருவர் எடுத்து அடுத்தவர் கையில் கொடுக்க, அவர் எண்ணி வாசலில் அடுக்குவாரே, அந்த வேலைதான். ஒரு கட்டளை தேடித் தருவதை அடுத்தது வாங்கி எண்ணுகிறது. குடுமியான்மலைக்கு எத்தனை மூட்டை, இலுப்பூருக்கு எத்தனை என்று முன்பு நோட்டைப் புரட்டி ஒரு மாலை முழுக்க எண்ணியது, இப்போது லுஹர் பாங்குக்கு முன் முடிந்துவிடுகிறது.

இந்த வாரப் பயிற்சி

லேப்டாப்பை எடுத்துத் தூசி தட்டுங்கள். 'பயிற்சி' என்ற ஃபோல்டரை உருவாக்கி அதற்குள் போங்கள். மூன்று ஃபைல்களை அதற்குள் நகலெடுங்கள். ஒன்றின் பெயரை மாற்றுங்கள். பிறகு அந்த ஒன்றை மட்டும், மேலே சொன்ன ஒழுங்குப்படி பார்த்துவிட்டு அழியுங்கள். லேப்டாப் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் 'டெர்மக்ஸ்' என்ற இலவசச் செயலியில் இதே பயிற்சியைச் செய்யலாம்.

மேலும் படிக்க விரும்பினால், மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாக இருக்கின்றன. கணியம் அறக்கட்டளையும் தமிழில் லினக்ஸ் பாடங்களை இலவசமாகத் தருகிறது.

வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளையும் உட்கார வையுங்கள் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். திருமணமாகி அடுத்த ஊர் போனாலும், படிப்பு இடையில் நின்றிருந்தாலும், இது வீட்டிலிருந்தே தொடரக்கூடிய கல்வி. பயிற்சியில் சந்தேகம் வந்தால் எழுதி வையுங்கள். ஞாயிறு அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு லேப்டாப்புடன் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம். என்டர் தட்டுவது அதன் பிறகு.