பெட்டிக்கு வெளியே உள்ள பணி: குமரி மாவட்டத் தேனீ வளர்ப்போர் சங்கங்களின் தன்னார்வத் தலைமை

தேனீ வளர்ப்பில் தனியுடைமை என்பது பெட்டியின் பலகைகளோடு முடிந்துவிடுகிறது. பெட்டியும், அடை கட்டுவதற்காக அதனுள் தொங்கவிடப்படும் மரச் சட்டங்களும், அவற்றில் சேரும் தேனும் வளர்ப்பவருக்கு உரியவை. ஆனால் அத்தேனுக்கு மூலமான மதுரம், அதாவது செடிகொடிகளின் சுரப்பிகளில் ஊறும் இனிப்பு நீர், பெரும்பாலும் பிறர் நிலத்திலிருந்தே வருகிறது. இந்தியத் தேனீ தன் கூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு வரை இரை தேடுகையில் எந்த வேலியையும் பொருட்படுத்துவதில்லை. இளம் ராணித் தேனீ வானில் பறந்து அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் ஆண் தேனீக்கள் பலவற்றோடு இணைந்து திரும்புவதால், ஒருவருடைய பெட்டியில் பிறக்கும் அடுத்த தலைமுறையின் குணம் அண்டை வீட்டாரின் பெட்டியையும் சார்ந்தே அமைகிறது. நோயும் அவ்வாறே பரவுகிறது. இரை, மரபு, உடல்நலம் ஆகிய மூன்றும் இவ்வாறு பொதுவில் கிடக்கும் தொழிலில், அப்பொதுப் பகுதியைக் கவனிப்பதே சங்கத்தின் பணி எனவும், அதற்காக ஊதியமின்றி உழைக்கும் கௌரவப் பொறுப்பாளர்களின் மதிப்பு அங்கேதான் உள்ளது எனவும் கொள்ள வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இத்தொழில் தொடக்கம் முதலே ஒருவர் மற்றவருக்குக் கற்றுத்தந்து பரவிய தொழிலாகும். திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய அருட்தந்தை நியூட்டன் 1911 முதல் 1917 வரையிலான காலத்தில் இந்தியத் தேனீயின் உடலளவுக்கும் அதன் குடும்பத்தின், அதாவது ஒரு கூட்டில் சேர்ந்து வாழும் தேனீக்களின், அளவுக்கும் ஏற்ற சிறிய பெட்டியை உருவாக்கி மக்களைப் பயிற்றுவித்தார். அன்று திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு மையம், ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில், சிறு விவசாயிகளுக்குத் துணை வருவாய் தரும் தொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பை முன்னெடுத்தது. 1937இல் மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று கூட்டுறவுச் சங்கம், உழவர் குழு, மகளிர் சுயஉதவிக் குழு எனப் பல வடிவங்களில் வளர்ப்போர் ஒருங்கிணைந்துள்ளனர். வடிவம் எதுவாயினும், தலைமை ஏற்போர் தாமும் பெட்டி வைத்திருப்போரே என்பதால், அவர்கள் எதிர்கொள்ளும் இடர்கள் ஏறத்தாழ ஒரே தன்மையன. நீண்டகாலப் பட்டறிவு காட்டும் வழிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன.

முதல் இடர் காலம் பற்றியது. இம்மாவட்டத்தின் தேன் வரத்து ரப்பர் மரத்தை நம்பியிருக்கிறது. ரப்பர் மரம் ஆண்டிறுதியில் இலையுதிர்த்து மீண்டும் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பும் கூடுமிடத்திலுள்ள சுரப்பிகள் மதுரத்தைச் சுரக்கின்றன. மலரிலிருந்து அன்றி இலையிலிருந்து கிடைக்கும் இம்மதுரத்தால் ஜனவரி முதல் மார்ச் வரை பெட்டிகள் நிரம்புகின்றன. வளர்ப்பவர் ஒவ்வொருவரும் தம் பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்று, தேனறைகளைப் பொருத்தி, மீண்டும் மீண்டும் தேனெடுக்கும் இக்காலத்தில்தான் சங்கத்திற்கும் பணி மிகுதி. பொறுப்பாளர்களுக்கோ தம் சொந்தப் பெட்டிகளைத் திறக்கவே நேரம் போதுவதில்லை. ஆகவே பொதுக்குழு, கணக்குத் தணிக்கை, பயிற்சி வகுப்பு, சட்டங்களையும் மெழுகுத் தாள்களையும் மொத்தமாக வாங்குதல் ஆகிய அனைத்தையும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பஞ்ச காலத்திற்கு, அதாவது மழையினால் தேனீக்களுக்கு வெளியில் இரை கிடைக்காத மாதங்களுக்கு, நகர்த்திவிடுவது நல்லது. தேன் வரத்துக் காலத்தில் கூட்டமே நடத்தாத சங்கம் சோம்பியிருப்பதாகக் கருதப்படலாகாது. தன் உறுப்பினர்களின் தொழிலை அறிந்த சங்கம் என்றே அது மதிக்கப்பட வேண்டும்.

தோட்ட உரிமையாளர்களோடு பேசும் பொறுப்பைத் தனித்தனி வளர்ப்பவரிடம் விடாமல் சங்கமே ஏற்பது பெரும் பயன் தருகிறது. ஒரே தோட்டத்தை நோக்கிப் பலர் பெட்டிகளோடு வந்துசேர்ந்தால் மதுரம் பங்குபட்டு எவருக்கும் நிறைவான தேன் கிடைக்காது என்பதோடு, நலிந்த பெட்டிகளில் வலிய குடும்பங்கள் புகுந்து தேனைக் கொள்ளையிடும் நிலையும் உண்டாகும். எனவே எந்தத் தோட்டத்தில் யார், எத்தனை பெட்டிகள் வைப்பது என்பதை இலையுதிர்வு தொடங்குமுன் எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தளிர்ப் பருவத்தில் ரப்பரைத் தாக்கும் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவப்படுவதுண்டு. அந்நாட்களை முன்கூட்டியே கேட்டறிந்து பெட்டி வைத்திருப்போருக்குத் தெரிவிப்பது, செலவேதும் இல்லாத, ஆயினும் யாரேனும் ஒருவர் நினைவில் வைத்துச் செய்தாக வேண்டிய பணியாகும். ரப்பர்த் தளிர் மதுரத்தைத் தருமேயன்றிப் புழு வளர்ப்புக்குத் தேவையான மகரந்தத்தைத் தருவதில்லை. ஆகவே ரப்பர் மட்டுமே நிறைந்த இடத்தைக் காட்டிலும் தென்னையும் பிற மரங்களும் அருகிலுள்ள ஓரப் பகுதிகளே குடும்பங்களுக்கு ஏற்றவை என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லித்தருவதும், அத்தகைய இடங்களைச் சில பழைய உறுப்பினர்களே ஆண்டுதோறும் வைத்துக்கொள்ளாதவாறு முறைவைத்துப் பங்கிடுவதும் தலைமையின் நேர்மைக்கு உரைகல்லாக அமைகின்றன.

சங்கத் தலைமையின் தகுதி முழுமையாகச் சோதிக்கப்படுவது நோய்க்காலத்தில்தான். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் எனப்படும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, இந்தியத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. தலைமுறைகளாகத் தேனீ வளர்த்துவந்த பல வீடுகளின் பெட்டிகள் வெறுமையாயின. இந்நோய் கண்ட புழு கூட்டுப்புழுவாக மாறுமுன் இறந்து, தலைப்பகுதி மேல்நோக்கி எழுந்து, உரிபடாத தோலினுள் நீர் கோத்த நிலையில் அறைக்குள் கிடக்கும். இதனைக் கொல்லும் மருந்து இல்லை. நோயுற்ற அடைகளை நீக்குதல், ராணியைச் சில காலம் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடலை நிறுத்திப் புழுக்களற்ற இடைவெளியை உருவாக்குதல், குடும்பத்தை வலுவாக வைத்திருத்தல், நோயைத் தாங்கி நின்ற குடும்பங்களிலிருந்தே புதிய ராணிகளை உருவாக்குதல் ஆகியனவே வளர்ப்பவர் கையிலுள்ள வழிகள். இவற்றுள் பெரும்பான்மையானவை ஒருவர் மட்டும் செய்தால் பயனற்றுப்போகும் வழிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நோய் பற்றிய செய்தி நோயைக் காட்டிலும் விரைவாகச் செல்ல வேண்டுமெனில், நோயைக் கண்டவர் அதனைச் சொல்லத் தயங்காத சூழல் தேவை. தம் பெட்டியில் நோய் என்று தெரிந்தால் தேனை வாங்குவோர் விலகிவிடுவர், தேனீக் குடும்பங்களை விலைகொடுத்து வாங்க எவரும் முன்வரமாட்டார், கவனக்குறைவானவர் என்ற பெயர் ஏற்படும் என்றெல்லாம் அஞ்சி மறைப்பது மனித இயல்பு. அவ்வச்சத்தை அறிவுரையால் போக்க இயலாது; ஏற்பாட்டால்தான் போக்க முடியும். தகவல் தருவதற்கு ஒருவரையும், அவர் இல்லாதபோது மற்றொருவரையும் சங்கம் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். தகவல் கிடைத்தவுடன் அனுபவம் மிக்க ஒருவர் நேரில் சென்று அடையைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்; உறுப்பினரின் பெயரைச் சொல்லாமல், ஊரின் பெயரை மட்டும் குறிப்பிட்டு, சுற்றியுள்ளோரை எச்சரிக்க வேண்டும்; பெட்டிகளை இழந்தவருக்கு நோய் தாங்கிய குடும்பத்திலிருந்து பிரித்த ஒரு புதிய குடும்பத்தைப் பின்னர் தருவதாக உறுதி கூற வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு மற்ற அனைத்தையும்விட வலியது. உண்மையைச் சொன்னவர் இழப்போடு தனித்து நிற்கமாட்டார் என்பது கண்கூடாகத் தெரிந்தபின்பே ஏனையோரும் வாய்திறக்கின்றனர். பெட்டிகளைப் பார்வையிடச் செல்லும் பொறுப்பாளர், ஒரு வீட்டில் நோயைக் கண்ட அன்றே அடுத்த வீட்டுப் பெட்டியைத் திறக்காதிருப்பதும், கைகளையும் கருவிகளையும் கழுவுவதும், எந்நிலையிலும் ஒரு பெட்டியின் புழு அடையை மற்றொரு பெட்டிக்கு மாற்றாதிருப்பதும் கட்டாய ஒழுக்கங்களாகும். உதவ வந்தவரே நோயைக் கொண்டுவந்தார் என்ற சொல் ஒருமுறை எழுந்துவிட்டால் சங்கத்தின் மீதான நம்பிக்கையை மீட்பது அரிது.

எந்த ஊரில் எந்தக் குடும்பங்கள் நோயைத் தாங்கி நின்றன என்ற பதிவேடு, ஒரு சங்கம் வைத்திருக்கக்கூடிய ஆவணங்களுள் மிகவும் விலைமதிப்புடையது. பேரழிவுக்குப் பின் இத்தொழில் மீண்டெழுந்தது எஞ்சிய குடும்பங்களிலிருந்தும், காட்டில் இயற்கையாக வாழ்ந்த கூட்டங்களிலிருந்தும்தான். எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களைப் பெருக்கி அக்கம்பக்கத்தில் பரப்பினால், வானில் இணையும் ஆண் தேனீக்களின் வாயிலாக அப்பகுதி முழுவதன் மரபும் மெல்ல மேம்படும்.

புதியவர்களைச் சேர்ப்பதில் எண்ணிக்கை ஆசை தீங்கானது. 2020இல் மத்திய அரசு ரூ.500 கோடி ஒதுக்கீட்டில் அறிவித்த தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் உள்ளிட்ட திட்டங்கள் வழியாகப் பெட்டிகளும் மானியமும் கிடைக்கின்றன. எனினும் பயிற்சியின்றிப் பெற்ற பெட்டி முதல் பஞ்ச காலத்திலேயே வெறுமையாகிவிடுவது வழக்கம். சர்க்கரைப் பாகு ஊட்டாமல் விடப்பட்ட இந்தியத் தேனீக் குடும்பம் கூட்டைக் கைவிட்டு மொத்தமாகப் பறந்துவிடும். எஞ்சிய அடைகளில் மெழுகுப்பூச்சி குடியேறும். ஆகவே ஒருவர் அனுபவமிக்க ஒருவரோடு மழைக்காலம் ஒன்றைக் கழித்த பின்பே அவருக்குச் சொந்தக் குடும்பம் தருவது முறை. பெட்டியின் அளவையும் சங்கமே வரையறுக்க வேண்டும். நியூட்டன் பெட்டியின் சட்டம் பிற அளவுப் பெட்டிகளில் பொருந்தாது என்பதால், ஒரே ஊரில் பல அளவுகள் புழங்கினால் தேனெடுக்கும் இயந்திரம் முதல் உதிரிப் பலகை வரை எதனையும் பகிர்ந்துகொள்ள முடியாது.

தேனின் தரம் பற்றிய பொறுப்பு 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பின்னர் மேலும் கூடியுள்ளது. குறிப்பிட்ட நிலப்பகுதியின் விளைபொருளுக்கு மட்டுமே உரிய பெயரைச் சட்டப்படி காக்கும் இந்த ஏற்பாட்டினால், ஒருவருடைய பக்குவமடையாத தேன் அனைவருடைய பெயரையும் பாதிக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது. காற்றில் ஈரம் மிகுந்த குமரி மண்ணில் இது எளிதன்று. தேனடையின் அறைகளுள் முக்கால் பங்காவது மெழுகால் மூடப்பட்ட பின்னரே தேனெடுக்க வேண்டும் என்ற விதியை எல்லோரும் அறிவர். அவசரத்தில் மீறுவோரும் உண்டு. அத்தகைய ஒரு குடம் பொதுக்கலனில் கலந்தால் முழுக்கலனும் புளிக்க நேரலாம். ஆதலால் கொள்முதல் செய்யுமிடத்தில் ஒவ்வொரு உறுப்பினரின் தேனையும் அவர் கண்ணெதிரே ரிஃப்ராக்டோமீட்டரில், அதாவது ஒளி விலகுவதைக்கொண்டு ஈரப்பதம் காட்டும் கருவியில், அளந்து எழுதிய பின்பே ஊற்ற வேண்டும். தலைவரின் தேனுக்கும் இதில் விலக்கு இருத்தலாகாது. ரப்பர்த் தேன் விரைவில் உறைந்து மணல்மணலாகும் இயல்புடையது. அதனைச் சர்க்கரைக் கலப்பு என்று ஐயுற்று வாங்குவோர் திருப்பித் தரும்போது, உறைதல் கலப்படத்தின் அடையாளமன்று என்பதை அச்சிட்டு ஒவ்வொரு குப்பியோடும் தருவது சங்கத்தால் மட்டுமே இயலும் காரியம்.

தலைமை ஏற்போரில் சிலர் பெட்டி செய்து விற்பவராகவோ தேனை மொத்தமாக வாங்குபவராகவோ இருப்பதுண்டு. தொழிலில் ஆழ்ந்த அறிவுடையோர் அவர்களே என்பதால் அவர்களை விலக்குவது அறிவுடைமையன்று. விலை முடிவாகும் கூட்டத்தில் அவர்கள் வாக்களிக்காதிருப்பதும், அது நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாவதும் போதுமானவை.

பொறுப்பு கைமாறுவதே பல சங்கங்களை நலிவடையச் செய்யும் இடமாகும். உழைப்பில் சலிக்காத ஒருவர் எல்லாவற்றையும் தாமே சுமந்து பல ஆண்டுகள் கழித்து விலகும்போது, தோட்ட உரிமையாளர்களின் பெயர்களும், நோய் தாங்கிய குடும்பங்களின் இருப்பிடமும், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதும் அவரோடே போய்விடுகின்றன. இதனைத் தவிர்க்க ஒவ்வொரு பொறுப்புக்கும் துணைப் பொறுப்பாளர் ஒருவர் தொடக்கம் முதலே உடனிருக்க வேண்டும். அவர் இளைஞராகவோ பெண்ணாகவோ இருப்பது நன்று, ஏனெனில் வீட்டுப் பெட்டிகளை நாள்தோறும் கவனிப்போருள் பெண்கள் பலராயிருந்தும் சங்க மேசையில் அவர்களைக் காண்பது அரிதாகவே உள்ளது. தேனீயின் ஆண்டு ஒரு முழுச் சுற்று முடிந்தால்தான் விளங்கும் என்பதால், விலகுபவர் அடுத்தவருடன் ஓராண்டு சேர்ந்து பணியாற்றுவது முறையாகும். இருவரும் சேர்ந்து தோட்டங்களுக்கு ஒருமுறையாவது நேரில் சென்று உரிமையாளர்களிடம் புதியவரை அறிமுகப்படுத்த வேண்டும். பொறுப்பு மாறும் நாளை ஜூன் மாதத்தில் வைத்தால், புதியவருக்குப் பஞ்ச காலத்தில் பாகு ஊட்டலைக் கவனிக்கவும், அக்டோபருக்குப் பின் குடும்பங்கள் பெருகிப் பிரியும் பருவத்தில் ராணி உருவாக்கத்தைக் கற்கவும், ரப்பர் இலையுதிர்க்குமுன் தோட்டப் பங்கீட்டை முடிக்கவும் போதிய அவகாசம் கிடைக்கும்.