பழைய வீடு: விற்பதா? காப்பதா?

திருவனந்தபுரத்தில் கோட்டை என்று ஒரு பகுதி உண்டு. அங்கே பத்மநாபசுவாமி கோயில் இருக்கிறது. கோயிலைச் சுற்றிலும் பழைய தெருக்கள். திண்ணை வைத்த ஓட்டு வீடுகள். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன.

அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் வயதான பெரியம்மா தனியாக இருக்கிறார். மழை பெய்தால் கூடத்தில் ஒழுகுகிறது. அண்ணனும் தங்கையும் அவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

"விற்றுவிடலாம். ஓடு மாற்றவே பெரும் பணம் ஆகும். என் மகளுக்குக் கல்யாணம் வேறு வருகிறது" என்றார் அண்ணன்.

"இருநூறு வருஷத்து வீடு, அண்ணா. அரசாங்கத்திடம் சொன்னால் நினைவுச் சின்னமாக ஆக்கிக் காப்பாற்றுவார்கள்" என்றாள் தங்கை.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒழுகும் இடத்தில் ஒரு குண்டானை வைத்தார்.

யார் சொல்வது சரி? நாமும் யோசிப்போம். அதற்கு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: வயது என்ன?

கேரளத்தில் 1968ஆம் ஆண்டின் பழஞ்சின்னச் சட்டம் இருக்கிறது. அதன்படி பாதுகாக்கும் கட்டடத்துக்கு 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும். வயதை வாய்ச் சொல்லால் முடிவு செய்ய முடியாது. பத்திரம், வரி ரசீது, பழைய கடிதம் எல்லாம் பார்க்க வேண்டும். ஓட்டைத் திருப்பினால் செய்த கம்பெனியின் பெயர் இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865இல் தொடங்கியது. ஆகவே அந்த ஓடு அதற்கு முந்தியது அல்ல. ஆனால் ஓட்டை நடுவில் மாற்றியும் இருக்கலாம். எனவே ஓடு மட்டும் சாட்சி ஆகாது.

இரண்டாம் கேள்வி: யார் வாழ்ந்தார்கள்? என்ன நடந்தது?

நாராயண குரு பிறந்த வயல்வாரம் வீடு செம்பழந்தியில் இருக்கிறது. மண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட சிறு வீடு. அதை இன்றும் போற்றிக் காக்கிறார்கள். சென்னை திருவல்லிக்கேணியில் பாரதியார் கடைசியாக வாழ்ந்தது வாடகை வீடு. அவர் 1921இல் இறந்தார். தமிழ்நாடு அரசு 1993இல் அந்த வீட்டை வாங்கி நினைவு இல்லம் ஆக்கியது. வீடு பெரிதா சிறிதா, சொந்தமா வாடகையா என்பது இங்கே பெரிதல்ல.

மூன்றாம் கேள்வி: கட்டிய விதத்தில் சிறப்பு உண்டா?

கோட்டையில் குதிரை மாளிகை இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. கூரைக்குக் கீழே 122 மரக் குதிரைகள் வரிசையாக நிற்கும். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் மர வேலையைப் பார்க்க எங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை.

நான்காம் கேள்வி: பழையது எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

திண்ணையை இடித்துக் கடை வைத்தால், முற்றத்தை மூடிக் கான்கிரீட் போட்டால், பழைய வீட்டின் முகம் போய்விடும். வயது இருக்கும். அடையாளம் இருக்காது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியலில் சேர்ந்த உடனே வீடு அரசுக்குச் சொந்தம் ஆகிவிடாது. ஆனால் நம் இஷ்டத்துக்கு இடிக்கவோ மாற்றவோ முடியாது. சேர்க்கும் முன் அரசு அறிவிப்பு வெளியிடும். மறுப்பு இருந்தால் சொல்லலாம்.

அண்ணனும் தங்கையும் மரப்பெட்டியைத் திறந்தார்கள். பத்திரம் கிடைத்தது. வீட்டுக்கு இருநூறு வயது இல்லை. எண்பது வயதுதான். பெயர் பெற்றவர் யாரும் அங்கே வாழவில்லை. பின்கட்டு முழுவதும் சிமெண்ட்.

தங்கையின் முகம் வாடியது. "அப்படியானால் இடித்துவிடலாமா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் பெரியம்மா வாய் திறந்தார். "சர்க்கார் பலகை மாட்டினால்தான் இது வீடா? இந்தத் திண்ணையில்தான் நீங்கள் இரண்டு பேரும் எழுதப் படித்தீர்கள். நான் இருக்கும்வரை ஒழுகாமல் இருந்தால் போதும்."

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். கூரையை எட்டிப் பார்த்தார். "எல்லா ஓட்டையும் மாற்ற வேண்டாம். உடைந்ததை மட்டும் மாற்றலாம். செலவில் ஆளுக்குப் பாதி" என்றார். பின்கட்டை வாடகைக்கு விடலாம் என்றாள் தங்கை. விற்கும் பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

எல்லாப் பழைய வீடும் நினைவுச் சின்னம் ஆகாது. ஆனால் இடிக்கும் முன் கேட்டுப் பார்க்க வேண்டும். இடித்த பின் கேட்டுப் பயன் இல்லை.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் மிகப் பழைய வீடு எது? அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

2. உங்கள் வீட்டுப் பத்திரத்தை நீங்களே படித்திருக்கிறீர்களா? இன்று எடுத்துப் படியுங்கள்.

3. அண்ணனும் தங்கையும் எடுத்த முடிவு சரியா? நீங்கள் என்ன செய்வீர்கள்?