வழங்கியில் கோப்புகளைத் தானாக நீக்குதல்: மூன்று வாயில்கள்

கிள்ளான் துறைமுகம் 2023ஆம் ஆண்டில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிக் கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. இறக்குமதிச் சரக்குக்குக் கே1 படிவம், ஏற்றுமதிச் சரக்குக்குக் கே2 படிவம், அவற்றோடு சரக்குச் சீட்டு, விலைப்பட்டியல் எனச் சரக்கு அனுப்பும் நிறுவனங்களின் வழங்கிகளில் கோப்புகள் நாள்தோறும் குவிகின்றன. வட்டு நிரம்பிவிட்டால் புதிய ஆவணம் ஏறாது, வேலையும் நின்றுவிடும். ஆகவே, பழைய கோப்புகளை நீக்கும் பொறுப்பை என்-எயிட்-என், ஏர்ஃபுளோ போன்ற பணிப்பாய்வுத் தளங்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் உருவாகியுள்ளது. இவ்வேலையைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எதை நீக்கலாம்?

முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி கணக்குப் பதிவேடுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மறுபுறம், 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்த 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்தபின் தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. முன்னதாக நீக்கினாலும் தவறு. நீக்காமல் விட்டாலும் தவறு. எனவே விலைப்பட்டியல், அடையாள அட்டை நகல், தற்காலிகக் கோப்பு ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புறைகளில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடுவை எழுதி வைக்க வேண்டும்.

கியோத்தோ தரும் பாடம்

2021 டிசம்பர் 14 முதல் 16 வரை ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழக மீக்கணினியில் சுமார் 77 டெராபைட் அளவுள்ள, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் தரவைக் காப்பு நகலிலிருந்தும் மீட்க முடியவில்லை.

காரணம் என்ன? பத்து நாட்களுக்கு மேற்பட்ட பதிவுக் கோப்புகளை நீக்குவதற்கு ஒரு நிரல் இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பு எழுதப்பட்டது. இதனால் கோப்புறையின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி வெற்றாகிப்போனது. பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய கட்டளை, ஆய்வுத் தரவை நீக்கியது. கட்டளை தன் கடமையைச் சரியாகவே செய்தது, இடம்தான் மாறிவிட்டது.

மூன்று வாயில்கள்

நுழைவுச்சீட்டைச் சரிபார்க்காமல் துறைமுக வாயில் வழியாகக் கொள்கலன் வெளியேறுவதில்லை. கோப்புக்கும் அத்தகைய வாயில்கள் வேண்டும்.

1. பட்டியல்: முதற்படி எதையும் நீக்காமல், நீக்கவேண்டியவற்றைப் பட்டியலிட மட்டும் செய்யட்டும். கோப்புறையின் பெயர் வெற்றாக இருந்தாலோ, எண்ணிக்கை வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தாலோ பணிப்பாய்வு நின்று, பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

2. ஒதுக்கம்: பட்டியலில் உள்ளவற்றை வேறொரு கோப்புறைக்கு மாற்றி, 14 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதே வட்டில் ஒதுக்கினால் இடம் மிச்சமாகாது என்பதால், வட்டு நிரம்புவதற்கு முன்பே தொடங்குவது நல்லது.

3. நீக்கம்: கெடு முடிந்தபின் ஒதுக்கக் கோப்புறையில் மட்டும் நீக்க வேண்டும். பணிப்பாய்வு பயன்படுத்தும் கணக்குக்கு, தேவையான கோப்புறைகளைத் தவிர வேறெங்கும் அழிக்கும் உரிமை தரக்கூடாது.

கவனிக்க வேண்டிய இரண்டு

ஒன்று, நேரம். நம் வழங்கியில் நாமே நிறுவும் என்-எயிட்-என் தளத்தின் இயல்பு நேர வலயம் நியூயார்க். அதை மாற்றாமல் அதிகாலை 2 மணிக்கு என்று அமைத்தால், மலேசியாவில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு, ஊழியர்கள் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கும் வேளையில் நீக்கம் நடக்கும்.

மற்றொன்று, தேதி. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியை மட்டும் நம்பக் கூடாது. இன்று வந்த சுருக்கக் கோப்பை விரித்தால், உள்ளிருப்பவை பழைய தேதியோடு வெளிவரலாம். காலையில் வந்த ஆவணம் இரவில் அழிந்துபோகும். வழங்கிக்கு வந்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து, அதைக் கொண்டு வயதைக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

கையால் நீக்குபவர் ஒரு கோப்பில் தவறினால், அடுத்த கோப்பிலாவது சுதாரித்துக்கொள்வார். இயந்திரத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. அதை நாம்தான் ஒவ்வொரு படியிலும் எழுதிவைக்க வேண்டும். நாளை இத்தகைய பணியில் அமரவிருக்கும் மாணவர்கள், நீக்கும் கட்டளையைக் கற்பதற்கு முன் நிறுத்தும் கட்டளையைக் கற்றுக்கொள்வார்களாக.